பதினைந்து கச்சான் தூரம்

அன்று காலை சமையலறை மேசையில் கோதோடு வறுத்த கச்சானை, நிலக்கடலையைத்தான், கொட்டி, இருபது எண்ணி எடுத்தேன். பதினைந்தைச் சுவெற்றரின் வலது பையில் போட்டேன். மீதி ஐந்தைக் கைலேஞ்சித் துணியில் முடிந்து கைப்பைக்குள் வைத்தேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகள் கண்டுவிட்டாள்.

"என்னம்மா, பசிக்குமெண்டு கொண்டு போறீங்களோ? உது ரெண்டு பேருக்குக் காணுமோ?"

"காணும், போதும்" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். அவை சாப்பிடுவதற்கு இல்லை. ஒவ்வொரு கச்சானும் ஒரு ஸ்ரேசன்.

இதை விளக்கமாகத்தான் எழுத வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் எவ்வளவும் வாசிப்பேன். ஆங்கில எழுத்து தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள், நிலத்துக்குக் கீழே ஓடும் சப்வே றெயின் அடுத்த ஸ்ரேசனுக்குப் போய்விடும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். அது எனக்கு ஒருவர் தும்முவதுபோலத்தான் கேட்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டேன். கென்னடி ஸ்ரேசனில் ஏறினால் மியூசியத்துக்குக் கிட்ட இறங்கும் இடம் பதினைந்தாவது. றெயின் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் வலது பையிலிருந்து ஒரு கச்சானை எடுத்து இடது பையில் போட வேண்டும். வலது பை வெறுமையானால் இறங்க வேண்டும். மியூசியத்திலிருந்து ஏரிக்கரைப் பக்கம் போக இன்னும் ஐந்து. அதுதான் கைலேஞ்சியில் இருந்தது.

இவ்வளவு ஏற்பாடு எதற்கென்றால், அன்றைக்கு எனக்குச் சோதனை. சோதனை வைத்தவர் எதிர்க் கதவு அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மல்வேர்னில் எங்கள் மாடிக் கட்டடத்தில் பதினொரு வருடமாக அவரும் நானும் எதிரெதிர்க் கதவு. என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருவரின் கணவன்மாரும் போய்ச் சேர்ந்த பிறகு, புதன்கிழமைகளில் வெளியே கிளம்பத் தொடங்கினோம். படங்கள் மாட்டி வைத்திருக்கும் கலரிகள், பெரிய மியூசியம், சின்ன மியூசியம் என்று ஒன்றையும் விடவில்லை. கோயிலுக்குப் போகாமல் இங்கெல்லாம் ஏன் போகிறீர்கள் என்று ஒருதரம் ஒருவர் கேட்டதற்கு அக்கா சொன்னார்: "கோயில்லை எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள். மருமகள் எப்பிடி, மகன் எங்கை எண்டு விடுப்புக் கேப்பினம். உங்கை சுவரிலை இருக்கிறவை ஒண்டும் கேக்காயினம்."

அக்கா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவர். சரி பிழை பார்க்காமல் ஆங்கிலம் பேசுவார். வழி கேட்பார், சண்டை பிடிப்பார், முன்பின் தெரியாதவரிடம் பகிடியும் விடுவார். நான் குளிர்கோட்டுத் தைக்கும் பக்டரியில் பதினெட்டு வருடம் கொலர் தைத்தவள். 'யெஸ்', 'நோ', 'பினிஷ்' என்ற மூன்று சொல்லோடு அவ்வளவு காலத்தையும் ஓட்டிவிட்டேன். அக்காவோடு போகும்போது அவரது பிரவுண் கைப்பையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். கைப்பை போகிற இடத்துக்கு நானும் போவேன்.

அந்தக் கோடையில் அக்காவின் மகன் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்விலில் புது வீடு வாங்கினார். மாத முடிவில் எல்லோரும் அங்கே போகிறார்கள் என்று அக்கா வந்து சொன்னார்.

"கிட்டடியிலை பஸ் இல்லையாம். பால் வாங்கவும் கார் வேணுமாம்" என்றார். "ஆனால் மருமகளுக்குப் புதன்கிழமை டவுன்ரவுனிலை வேலை. மியூசியத்து வாசல்லை என்னை இறக்கிவிட்டிட்டுப் பின்னேரம் ஏத்திக்கொண்டு போவாள். நான் வருவன். நீர்தான் வரமாட்டீர்."

"ஏன் வரமாட்டன்?"

"எப்பிடி வருவீர்? என்ரை கைப்பைக்குக் கால் முளைச்சு மல்வேர்னுக்கு வந்து உம்மைக் கூட்டிக்கொண்டு போகுமே?"

 அப்போதுதான் சோதனையைச் சொன்னார். "வீடு மாற முதல் ஒரு புதன் இருக்கு. நீர் முன்னாலை போம். நான் பின்னாலை வாறன். வழி சொல்லமாட்டன். உமக்காண்டி ஒருத்தரோடையும் கதைக்கமாட்டன். போய்ச் சேர்ந்தீரெண்டால் புதன்கிழமை எங்கடை. இல்லாட்டி ஆரும் தெரிஞ்ச ஆக்களின்ரை கலியாண வீட்டிலைதான் காணுவம்."

கலியாண வீட்டில் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை. அதுவும் பாட்டுச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அன்றைக்கே கச்சான் வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஒரு பிழையும் விடவில்லை. றெயினில் ஏறி, இருக்கையும் கிடைத்து, முதல் நிறுத்தத்தில் முதல் கச்சானை இடம் மாற்றினேன். பக்கத்தில் இருந்த அக்கா கண்டுவிட்டார்.

"உதென்ன, கச்சானோ? ஒண்டு தாரும்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வலது பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நிறுத்தம் போக இன்னொன்று கேட்டார். "நல்ல வறுவல்" என்றார். அதற்குப் பிறகும் கேட்டார். எதிரே ஒரு பெண் மடியில் வைத்திருந்த நாய்க்குட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது, அக்கா அதோடு தமிழில் கதைக்கத் தொடங்கினார், என் மனக்கணக்கு அதோடு போயிற்று. ஏற்கெனவே எண்ணி முடித்த இடது பைக் கச்சானைக் கொடுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. அது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

வலது பை வெறுமையானது. "இதுதான், இறங்குவம்" என்றேன். அக்கா மறுபேச்சில்லாமல் பின்னால் வந்தார்.

மியூசியத்துக்குப் போகும் ஸ்ரேசன் என்றால் கதவு திறந்ததும் சனம் தள்ளும். அன்று எங்களைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. படியேறி மேலே வந்தால் மரம், மரம், இன்னும் மரம். அவற்றுக்கு இடையில் பெரிய பெரிய வீடுகள். ஓர் அணில் வேலியில் இருந்து எங்களைப் பார்த்தது. மியூசியத்தைக் காணவில்லை.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "நல்ல காத்து" என்றார். 

 இவ்வளவுதான், புதன்கிழமை போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பிப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அக்காவின் இடது கை பொத்தியிருப்பதைக் கண்டேன்.

"அக்கா, கையை ஒருக்கா விரியுங்கோ."

"ஏன்? குப்பைத் தொட்டியைக் காணேல்லை, அதுதான் வைச்சிருக்கிறன்."

விரித்தார். கச்சான் கோது. எட்டுப் பாதி. எட்டுப் பாதி என்றால் நாலு கச்சான்.

"நாலு ஸ்ரேசன் முந்தி இறங்கிட்டம்" என்றேன். பிறகு வேறு வழியில்லாமல் என் கச்சான் கணக்கு முழுவதையும் சொன்னேன். அக்கா என்னையும் கோதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட கடவுளே, நான் ஸ்ரேசனையோ சாப்பிட்டனான்?"

அந்த மரங்களுக்குக் கீழே நின்று சிரித்தார். அணில் ஓடிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் தந்தனீர்?"

"நீங்க கேக்க எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

"உதுதான் உம்மடை வருத்தம், மருந்தில்லாத வருத்தம்" என்றார். கோது எட்டையும் என் கையில் போட்டார். "இந்தாரும், உம்மடை நாலு ஸ்ரேசன்."

அடுத்த றெயினில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு பாதியைப் பைக்குள் போட்டேன். கடைசி இரண்டும் போனதும் இறங்கினோம். சனம் தள்ளியது. அந்தத் தள்ளல் அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மியூசியத்துக்குள் எங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை. எங்கே உட்கார ஒரு வாங்கு இருக்கிறதோ அங்கே இருப்போம். முன்னால் இருப்பதைப் பார்ப்போம். பெரிய எலும்புக்கூடுகளை அரை மணித்தியாலம் பார்த்தோம். கண்ணாடி அலுமாரிக்குள் பழைய காலத்துக் கோப்பைகள் வரிசையாக இருந்த இடத்தில் அக்கா நின்றுவிட்டார்.

"எங்கடை வீடுகளிலை ஷோகேஸ் இருக்கெல்லே, அதேதான்" என்றார். "ஒருநாளும் தேத்தண்ணி ஊத்தாத கோப்பையள். உதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? என்ரை வீட்டிலை இருந்தே பாத்திருக்கலாம்."

அதற்கு அடுத்த பகுதியில் நம் பக்கத்துச் சிலைகள் இருந்தன. வாசலில் நின்று பார்த்தால் நேரே ஓர் அம்மன். கருங்கல். ஒரு கை முழங்கையோடு உடைந்திருந்தது. சீலை இல்லை, பூ இல்லை, மேலே வெள்ளை வெளிச்சம். முன்பு வந்தபோதெல்லாம் இந்தப் பகுதியைப் பூட்டி வைத்து ஏதோ திருத்த வேலை நடந்தது. அதனால் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். யோசித்துச் செய்யவில்லை. என் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அக்காவும் சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு சோடியையும் வாசல் ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனோம்.

அக்கா கைப்பையில் கடதாசியில் மடித்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து எனக்கும் பூசித் தானும் பூசினார். "அவவுக்குப் பூச ஏலாது. தொடக் கூடாதெண்டு எழுதியிருக்கு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஸ்ரௌவ்விலுக்கு ஒரு பஸ் விடச் சொல்லி."

மூன்று தரம் சுற்றி வந்தோம். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். பிறகு வாசலுக்கு வந்தால், சப்பாத்தைக் காணோம்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

"அக்கா, சப்பாத்து!"

"நான் கதைக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"உங்கடையுமெல்லே போட்டுது!"

"போகட்டும். மேசோட வீட்டை போவன். நான் சொன்ன சொல் சொன்னதுதான்."

மேசு, அதாவது காலுறை, மட்டும் போட்ட காலோடு, வழுக்கும் பளிங்குத் தரையில் நடந்தேன். மண்டபத்தின் மறு அந்தத்தில் சீருடை போட்ட காவல்காரப் பெண் ஒருவர் நின்றார். நல்ல உயரம், நரைத்த முடி. அவருக்கு முன்னால் போய் நின்றதும் எனக்கு அந்த மூன்று சொல்லும் மறந்துவிட்டன. காலைக் காட்டினேன். "மை சப்பாத்து" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "சூ" என்றேன். "ரூ லேடி. ரூ சூ. கோன்." இரண்டு பேர், இரண்டு சோடி, போய்விட்டது.

அவர் ஏதோ நீளமாகக் கேட்டார். அதில் 'வை' என்றது மட்டும் பிடிபட்டது. ஏன் கழற்றினாய் என்று கேட்கிறார். நான் அந்த வாசலைக் காட்டினேன்.

"காட்" என்றேன். "இன்சைட்."

அவர் வாசலைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு என் மேசுகளைப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தி நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். வரும்போது இரண்டு சோடியையும் பூத்தட்டுக் கொண்டுவருவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். யாரோ சப்பாத்துக் கவனிப்பாரற்றுக் கிடப்பதாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எடுத்துத் தன் மேசைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். கையாலும் முகத்தாலும் இவ்வளவையும் எனக்கு விளங்கப்படுத்தினார். கடைசியில் தான் இருக்கும் கதிரையைக் காட்டி, அதற்குக் கீழே சப்பாத்தை வைப்பதுபோலச் செய்து காட்டி, "நெக்ஸ்ட் ரைம்" என்றார்.

"யெஸ்" என்றேன். "நெக்ஸ்ட் ரைம். வென்ஸ்டே."

சப்பாத்துப் போட்டுக்கொண்டு திரும்பினால் அக்கா எனக்குப் பின்னாலேயே நின்றார்.

"பாரன், ஆள் நாளும் குறிச்சுக் குடுத்திட்டா!" என்றார்.

மியூசியத்தின் பக்கத்திலேயே உள்ள ஸ்ரேசனில் ஏறினோம். கைலேஞ்சியை அவிழ்த்து ஐந்தையும் வலது பையில் போட்டேன். றெயின் வெளிக்கிட்டு முதல் நிறுத்தம் வருவதற்குள் அக்கா கையை நீட்டினார்.

"ஒண்டு தாரும்."

"தரமாட்டன்."

"என்ன?"

"தரமாட்டன் அக்கா. அது ஸ்ரேசன். பேந்து, எண்ணி முடிஞ்சாப் பிறகு தாறன்."

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். கோபமோ என்று பார்த்தேன். யன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வாயை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதில் இறங்கி ஏரிப் பக்கம் நடந்தோம். ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அக்கரை தெரியாத தண்ணீரை அக்கா கடல் என்றுதான் சொல்வார். கரையில் ஒரு வாங்கில் இருந்து மரக்கறி றோல்ஸும் பிளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணீரும் சாப்பிட்டோம். ஒரு கடற்பறவை வந்து அக்காவின் றோல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றது. "இண்டைக்கு வழி காட்டினது நானில்லை, அவவிட்டைப் போம்" என்று அதைத் துரத்தினார்.

பக்கத்தில் கலரி ஒன்று இருந்தது. முன்பு எப்போதோ சாமான் கிடங்காக இருந்திருக்க வேண்டும். உள்ளே வெள்ளைச் சுவர்கள். நடு அறையில் பழைய குளிர்கோட்டுகள் நாற்பது ஐம்பதை ஒன்றோடொன்று தைத்து, ஒரு பெரிய கூடாரம்போலத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போய் நிற்கலாம். நின்றால் நாலு பக்கமும் கோட்டு. வெறும் கைகள் தொங்குகின்றன. எனக்கு அது பழகிய இடம்போல இருந்தது. பக்டரியில் மதியம் வெளிச்சத்தை அணைத்ததும் கோட்டு வரிசைக்கு இடையில் இருந்துதான் சாப்பிடுவோம்.

ஒரு கொலருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கலரியில் வேலை செய்யும் பெண் எங்களிடம் வந்தார். தொட்டுவிட்டேனோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கண்டிக்கவில்லை, சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தானோ என்னவோ, ஒருவரும் கேட்காமலே என் வாய் திறந்தது.

"மீ. கொலர். எய்ற்றீன் இயர்" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணை அகலமாக விரித்தார். கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் கோட்டின் கொலரை எனக்காகத் திருப்பிக் காட்டினார். இது நீ தைத்ததா என்று சைகையால் கேட்டார்.

"ஓமெண்டு சொல்லும், ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்றார் அக்கா.

"இல்லையக்கா. முனை கொஞ்சம் சரிஞ்சிருக்கு. நான் உப்பிடித் தைக்கமாட்டன்."

அந்தப் பெண் இன்னொன்றைத் திருப்பினார். பிறகு இன்னொன்றை. நாலாவது நீலக் கோட்டு. முனை இரண்டும் நேராக, ஒரே அளவாக, நூல் பிசிறில்லாமல் இருந்தன. என்னுடையது என்று சொல்ல முடியாது. எங்கள் வரிசையில் மட்டும் பதினாறு பேர் தைத்தோம். ஆனால் ஒழுங்கான கை. "மேபி" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு றெயின் மாற வேண்டியிருந்தது. அதையும் கச்சானைக் கொண்டே சரியாகச் செய்தேன். கடைசி றெயின் கென்னடி வரைக்கும்தான் ஓடும். எல்லோரும் இறங்குவார்கள், எண்ணத் தேவையில்லை. பையில் இருந்த பதினாறையும் எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன். "இப்ப சாப்பிடுங்கோ" என்றேன். எட்டெட்டாகப் பிரித்துச் சாப்பிட்டோம்.

மல்வேர்னில் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று கேட்டேன்: "அக்கா, நான் பாஸோ?"

அக்கா கைப்பையைத் துழாவித் திறப்பை எடுத்துக் கதவுப் பூட்டில் போட்டார். "பதினைஞ்சுக்குப் பதினொண்டு" என்றார். "நாலை நான் திண்டிட்டன். பாஸ்தான் போம்."

மாத முடிவில் அவர்கள் போனார்கள். எதிர்க் கதவுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. அதற்கு அடுத்த புதன்கிழமை காலை, மேசையில் கச்சானைக் கொட்டி எண்ணும்போது மகள் வந்து நின்றாள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள்தான். சிரித்துவிட்டுத் தன் கைத்தொலைபேசியில் ஸ்ரேசன்களை எண்ணிப் பார்த்து, "சரிதானம்மா, பதினைஞ்சு" என்றாள்.

தனியாகப் போனேன். பக்கத்தில் யாரும் கை நீட்டவில்லை. அணில் நின்ற அந்த ஸ்ரேசனில் கதவு திறந்தது, ஒருவரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. கடைசிக் கச்சான் இடது பைக்குப் போனதும் எழுந்தேன். சனம் தள்ளியது.

மியூசியத்து வாசல் வாங்கில் அக்கா பிரவுண் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தூரத்தில் என்னைக் கண்டதும் எழும்பவில்லை, கூப்பிடவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

இடது பையில் இருந்த பதினைந்தையும் அள்ளி அந்தக் கையில் வைத்தேன். கொண்டுபோனதே அவ்வளவுதான். ஒன்றை உடைத்து வாயில் போட்டார். இரண்டாவதையும் உடைத்தார்.

"அக்கா, அஞ்சை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ" என்றேன். "பேந்து கடலுக்குப் போகவேணும்."